சாம்பார் வெயிலில் வேகும், கடுகு வெடிக்காது

கேள்வி: நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஐந்து பேர். தை பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் வேன் பிடித்துக்கொண்டு கோயில், அணைக்கட்டு, கடற்கரை என்று கிளம்பிவிடுவோம். ஓட்டல் சாப்பாடு இந்த வயதில் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் எடுத்துப்போய், மரத்தடியில் சாதம், சாம்பார், ஒரு காய் என்று நாங்களே சமைத்துக்கொள்வது வழக்கம். மதுரையில் ரயில் பெட்டி எரிந்ததிலிருந்து என் மருமகன், சிலிண்டரை வண்டியில் ஏற்றவே கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். சரி, சோலார் குக்கர் வாங்கலாம் என்று பேசினோம். அதிலும் ஒத்துப்போகவில்லை. ஒருத்தி குடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் பெரிய தட்டுதான் வேண்டும் என்கிறாள். ஒருத்தி பெட்டி போதும் என்கிறாள். இன்னொருத்தி சோலார் பேனலும் இண்டக்ஷன் அடுப்பும் வாங்கிவிடலாமே என்கிறாள். எது சரி? ஐந்து பேருக்கு மதியச் சாப்பாடு உண்மையிலேயே வேகுமா, இல்லை பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?
— வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மருமகன் பக்கம் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால்தான் தீப்பிடித்தது; 9 பேர் இறந்தார்கள். வேன் ரயில் இல்லைதான். ஆனாலும் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் சிலிண்டர், ரெகுலேட்டரைச் சரியாகக் கழற்றினோமா என்ற சந்தேகத்தோடு சாமி தரிசனம், இதெல்லாம் எதற்கு? காட்டை ஒட்டிய இடங்களில் கோடையில் அடுப்பு மூட்டுவதற்கே தடை இருக்கும். அங்கெல்லாம் வெயிலில் சமைப்பவரை யாரும் எழுப்பிவிடப் போவதில்லை.

ஆனால் எந்தக் குக்கர் என்று நீங்கள் கேட்டால், என்ன சமையல் என்று நான் திருப்பிக் கேட்பேன். 1980-களிலிருந்து அரசு மானியத்தோடு எத்தனையோ வீடுகளுக்குப் பெட்டிக் குக்கர் போயிருக்கிறது. அதில் பல இன்று பரணில் இருக்கின்றன. நான் பார்த்தவரை அப்படிப் பரண் ஏற்றியவர்களில் பெரும்பாலோர், கேஸ் அடுப்பில் செய்ததையெல்லாம் அப்படியே அந்தப் பெட்டியிலும் செய்யப் பார்த்தவர்கள். அதில் எது வேகும், எது வேகாது என்று முதலிலேயே தெரிந்துகொண்டவர்கள் இன்னும் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பேனல் யோசனையை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். இண்டக்ஷன் அடுப்பு 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். மொட்டைமாடிகளில் பார்க்கிறோமே, ஆள் உயரத்துக்கு மேல் நீளம், 25 கிலோவுக்கு மேல் எடை, அந்தப் பெரிய பேனல் ஒன்று உச்சிவெயிலில் 500 வாட் கொடுத்தாலே பெரிது. அதில் மூன்று, கூடவே இன்வெர்ட்டர், பேட்டரி என்று ஏற்றினால் வேனில் உங்களுக்கு உட்கார இடம் இருக்காது. இந்தியன் ஆயில் 2022-ல் அறிமுகப்படுத்திய ‘சூர்யா நூதன்’ அடுப்புக்கும் இதே கதைதான். பேனல் வெளியே, அடுப்பு சமையலறைக்குள்ளே, நடுவில் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு. வீட்டுக்கு நல்லது. ஊர்சுற்ற உதவாது.

அடுத்தது தட்டு. உங்கள் தோழி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எஸ்.கே.14 என்ற பெயரில் பரவலாக இருக்கும் தட்டுக்கு விட்டம் 1.4 மீட்டர். அதில் விழும் வெயில் அத்தனையும் பாத்திரத்தின் அடியில் குவிகிறது. நல்ல வெயிலில் 600 வாட் அளவுக்கு வெப்பம் இறங்கும். கடுகு வெடிக்கும், அப்பளம் பொரியும், பத்துப் பேருக்குச் சோறு ஆகும். இடைஞ்சல் என்னவென்றால், சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. கால்மணிக்கு ஒருமுறை யாராவது எழுந்து போய்த் தட்டைத் திருப்பியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் அது நிற்காது. குவியும் இடத்தில் கையை நீட்டினால் கொப்புளம். தட்டைக் குனிந்து பார்த்தால் கண் கூசிப்போகும். இதைக் கழற்றி, மாட்டி, வேனில் ஏற்றி இறக்குவது அறுபது வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேருக்கான வேலை இல்லை. தோட்டமோ மொட்டைமாடியோ இருந்து, ஒரே இடத்தில் நிற்கப் போகிறது என்றால் அதை வாங்கலாம்.

ஆக, பெட்டிதான். ஒரு பெரிய சூட்கேஸ் அளவு, ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடி. உள்ளே கருப்புப் பூசிய தகரத் தொட்டி, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, மேலே இடைவெளி விட்டு இரண்டு அடுக்குக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மூடியின் உட்புறம் ரசக்கண்ணாடி. திறந்து நிறுத்தினால் அது கூடுதல் வெயிலை உள்ளே தள்ளும். கூடவே கருப்படித்த நாலு டப்பாக்கள் வரும். வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே போகிறது, கருப்பில் பட்டுச் சூடாகிறது, அந்தச் சூடு வந்த வழியே வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். 1767-லேயே ஜெனீவாவைச் சேர்ந்த ஸொஸ்யூர் என்ற விஞ்ஞானி இப்படிக் கண்ணாடி அடுக்கிய பெட்டி ஒன்று செய்து, நீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிக் காட்டிவிட்டார். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. பம்பாயில் இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் எட்டுப்பக்கக் கண்ணாடி அடுப்பு ஒன்று கட்டி, ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் வேகவைத்ததை 1878-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். அதுவும் ஜனவரி மாத வெயிலில்.

இனி கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டரில் 900 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. உங்கள் பெட்டியின் கண்ணாடி அதில் கால்பங்குதான். ரசக்கண்ணாடி தள்ளுவதையும் சேர்த்து 300 வாட் என்று வையுங்கள். கண்ணாடியில் தெறித்துப்போவது, பக்கவாட்டில் கசிவது, தொட்டியைச் சூடாக்குவது எல்லாம் போக டப்பாவுக்குள் இறங்குவது 90, 100 வாட். வீட்டு கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது 1,000 வாட்டுக்குக் குறையாது. பத்தில் ஒரு பங்கு! ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் காலைக் காப்பிக்கு இதை நம்பாதீர்கள், அதற்கு ஃபிளாஸ்க்தான்.

ஐந்து பேருக்கு அரைக் கிலோ அரிசி, அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர், நூற்றைம்பது கிராம் பருப்பு, அரைக் கிலோ காய். பருப்புக்கான தண்ணீரும் சேர்ந்து இரண்டரைக் கிலோ. இது சூடேறவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வேக இன்னொரு மணி. ஒன்பதரைக்குள் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பன்னிரண்டரை மணிக்கு இலை போடலாம். பதினொரு மணிக்கு இடம் தேடி, பதினொன்றரைக்கு அரிசி களைந்தால் இரண்டு மணிக்கும் பருப்பு நறுக்நறுக்கென்று இருக்கும். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த நேரம் வசதியும்கூட. போனதும் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஒருவர் மட்டும் அரைமணி, முக்கால் மணிக்கு ஒருதரம் வந்து திருப்பினால் போதும். தீ இல்லை, பொங்காது, அடிப்பிடிக்காது.

சாதத்துக்குப் பச்சரிசி நல்லது. புழுங்கலரிசி என்றால் அரைமணியாவது ஊறியிருக்க வேண்டும். சாமை, குதிரைவாலி இன்னும் சீக்கிரம் வேகும். பெட்டிக்குள் ஆவி அதிகம் போகாது என்பதால் வீட்டில் வைப்பதைவிடத் தண்ணீரைக் கால் டம்ளர் குறையுங்கள். வடிக்கிற பேச்சே வேண்டாம். காய்க்குத் தண்ணீரே ஊற்றாதீர்கள். பூசணி, சேனை, பீன்ஸ் எதுவானாலும் நறுக்கி உப்புப் போட்டு மூடிவைத்தால் தன் நீரிலேயே வெந்துவிடும். கத்தரிக்காய் மட்டும் நிறம் கறுத்துப்போகும், ருசியில் குறையில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கை முழுசாக வைத்துப் பாருங்கள். மெதுவாக வேகவேகக் கிழங்கின் தோல் சுருங்கி, முனையில் பாகு கசிந்து நிற்கும். கேஸ் அடுப்பில் அந்த இனிப்பு வராது.

பருப்புதான் சோதனை. துவரம்பருப்பை வீட்டிலேயே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரை வடித்து எடுத்துப் போங்கள். போகிற இடத்துத் தண்ணீரை நம்ப வேண்டாம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பருப்பை இறுக்கிவிடும். பிரஷர் குக்கரின் அழுத்தம் இருந்தால் அது தெரியாது, இங்கே நன்றாகவே தெரியும். கேன் தண்ணீர் கையோடு இருக்கட்டும். புளியும் அப்படித்தான். புளிப்பு ஏறிவிட்டால் பருப்பு அதற்குமேல் மசியாது. பருப்பு ஒரு டப்பா, காய் ஒரு டப்பா என்று தனித்தனியே வேகட்டும். பருப்பு மசிந்தபிறகு புளிக்கரைசலும் சாம்பார்ப்பொடியும் வெந்த காயும் சேர்த்து, பச்சை வாசனை போக இன்னொரு அரைமணி உள்ளே வையுங்கள்.

தாளிப்பு? பெட்டி காலியாக இருக்கும்போது உள்சூடு 120, 130 டிகிரி போகலாம்; டப்பாவில் நீர் இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது. கடுகு வெடிக்க அது போதாது. அதனால் கடுகு, உளுந்து, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் கிளம்பும்போதே வீட்டில் நல்லெண்ணெயில் தாளித்து, ஆறவிட்டு, சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். சாம்பாரில் கலந்தால் சுர்ரென்ற சத்தம் மட்டும்தான் இருக்காது. என்னைக் கேட்டால் சாம்பாரைவிட வசதி புளிக்காய்ச்சல்தான். அதை வீட்டில் காய்ச்சி எடுத்துப்போய், வெயிலில் வெந்த சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துவிடுங்கள். நாலு டப்பாவில் இரண்டு சாதத்துக்கு, மற்ற இரண்டும் காய்க்கு. பருப்புக் கவலையே இல்லை.

டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது நம் கைக்கு வந்த பழக்கம். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் கால்மணி நேரத்துச் சூட்டை வெளியே விடுகிறீர்கள் என்று வையுங்கள். கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும்: முதலில் உட்புறம் லேசாகப் பனிபோல் மூடும், பிறகு முத்துமுத்தாகத் துளி கோர்த்து, ஓரத்துக்கு வழியும். வழிய ஆரம்பித்தால் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து ஒரு மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் கோர்த்தால் அது வேறு விஷயம். சட்டத்தின் அடைப்பு விட்டுப்போயிருக்கிறது, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

திசையைப் பற்றி ஒன்று. குக்கரோடு வரும் தாளில் தெற்கு நோக்கி வைக்கவும் என்று போட்டிருப்பார்கள். டெல்லிக்காரருக்கு அது வருஷம் முழுக்கச் சரி. நமக்கு இல்லை. திருச்சியில் ஏப்ரல் மூன்றாவது வாரம் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசிப் பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வைகாசியில் போய்ப் பெட்டியைத் தெற்கே திருப்பிவைத்தால் ரசக்கண்ணாடியின் நிழல் டப்பா மேல் விழும்! தாளைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். பெட்டியின் நிழல் நேர் பின்னால் விழுகிற மாதிரி திருப்புங்கள். ரசக்கண்ணாடியின் வெளிச்சம் கண்ணாடி முழுவதையும் மூடுகிறதா என்று பாருங்கள். சித்திரை உச்சிவெயிலில் அது நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், மார்கழி, தை மாதங்களில் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். அடுத்த அரைமணியில் சூரியன் எங்கே இருக்குமோ அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை முன்தள்ளி வைத்துவிட்டால் திருப்பும் வேலை பாதியாகும். மரத்தடி உங்களுக்கு, வெட்டவெளி பெட்டிக்கு. இதில் சமரசம் கிடையாது. காலையில் இடம் பார்க்கும்போதே பதினொரு மணிக்கு அந்த மரத்தின் நிழல் எங்கே வரும் என்று யோசித்துவிடுங்கள்.

மேகம் வந்தால்? ஆரோவில்லில் 1997-லிருந்து இயங்கும் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் பதித்திருக்கிறார்கள். அதில் குவியும் வெயிலில் கிடைக்கும் நீராவியை வைத்து ஆயிரம் பேர் அளவுக்கு மதியச் சமையல் செய்யும்படி கட்டியது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே பக்கத்தில் கொதிகலன் ஒன்று துணைக்கு நிற்கிறது. உங்களுக்குத் துணை, அவல். ஊறவைத்த அவல், தயிர், ஊறுகாய் பையில் இருந்தால் எந்த மேகத்துக்கும் பயப்பட வேண்டாம். விட்டுவிட்டு வரும் பஞ்சுமேகம் ஒன்றும் செய்யாது, அரைமணி தாமதமாகும். வானம் முழுக்க வெளுத்து மூடினால் அன்று விட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம், கோவைப் பக்கம் போவதானால் பெட்டியை எடுக்காதீர்கள். அதே மாதங்களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை எங்கும் வேண்டாம்.

பாதி வெந்த நிலையில் வெயில் போய்விட்டால் கவனம் தேவை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருக ஆரம்பிக்கும். இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாதத்தையும் பருப்பையும் திரும்பக் கொதிக்கவைத்தும் சாப்பிடாதீர்கள். சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு, கொதியிலும் அழியாது. மீந்த சாதத்தை மூடிய பெட்டியிலேயே வைத்து ராத்திரிக்கு எடுப்பதும் இதே தப்புத்தான். ராஜ்மா பயற்றை இதில் வைக்கவே வேண்டாம். அது பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதித்தால்தான் அதிலுள்ள நச்சுப்பொருள் போகும். அரைச்சூட்டில் மெதுவாக வெந்தால் வயிற்றைக் கலக்கிவிடும். செலவைப் பார்க்காமல் உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் பார்க்கவேண்டியது: இரண்டு அடுக்கும் கெட்டிக் கண்ணாடியா, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை சீராக ஒட்டியிருக்கிறதா, ரசக்கண்ணாடியைத் தாங்கும் கம்பி காற்றுக்கு ஆடாமல் நிற்கிறதா. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் நல்லது. கூடவரும் டப்பாக்கள் நெளிந்துபோனால் கவலை வேண்டாம். தட்டையான அடி, மெல்லிய அலுமினியம், வெளியே மட்டும் மங்கலான கருப்பு, அவ்வளவுதான் தேவை. பளபளக்கும் எவர்சில்வர் தூக்கை உள்ளே வைத்துவிட்டு வேகவில்லை என்று குறைசொல்லாதீர்கள்.

முதல் தடவை வேனில் ஏற்றவேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் வெறும் சாதம் மட்டும் வைத்துப் பழகுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் கோடையில் குளிராக இருந்தாலும் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அங்கே பெட்டிக் குக்கர் வேலை செய்யுமா?
— வாசகர், வத்தலக்குண்டு

பதில்: காற்று குளிர்வது பெட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. மேலே சொன்ன ஸொஸ்யூரே தன் பெட்டியை ஆல்ப்ஸ் மலை ஒன்றின் உச்சிக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தார். காற்று எவ்வளவோ குளிர்ந்திருந்தும் பெட்டிக்குள் கீழே இருந்த அளவுக்கே சூடு ஏறியது. மலைமேல் காற்று மெல்லியது, வெயில் இன்னும் பலமாகவே விழும்.

சிக்கல் வேறு இடத்தில். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் அரிசி வேகும், பருப்பு இழுத்தடிக்கும். மதியத்துக்கு மேல் மேகம் கவிவதும் அங்கே சாதாரணம். காலை பதினொன்றரைக்குள் முடிகிற சமையல் மட்டும் வையுங்கள்: ரவை உப்புமா, உருளைக்கிழங்கு, காரட், முட்டை. முட்டைக்குத் தண்ணீர் வேண்டாம், கருப்பு டப்பாவில் அப்படியே அடுக்கி மூடிவிடலாம்.

கேள்வி: பள்ளி மாணவர்களோடு சுற்றுச்சூழல் முகாம் நடத்துகிறோம். அட்டையும் வெள்ளித்தாளும் வைத்துப் பிள்ளைகளே ஒரு சூரிய அடுப்பு செய்ய முடியுமா? விளையாட்டாக இல்லாமல் உண்மையிலேயே சாப்பிடும்படி ஏதாவது வேகவேண்டும்.
— வாசகர், விருதுநகர்

பதில்: தாராளமாக. ‘குக்கிட்’ என்ற பெயரில் 1990-களில் வந்த அட்டை அடுப்பு கென்யாவின் ககூமா அகதி முகாமில் குடும்பங்களுக்குச் சோறு வேகவைத்தது. பிறகு சாட் நாட்டில் இருந்த டார்ஃபூர் அகதிகள் முகாம்களிலும் பயன்பட்டது. விறகு பொறுக்க முகாமைவிட்டு வெகுதூரம் போகும் பெண்களுக்கு வழியில் நேர்ந்த ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் நோக்கம். ஆகவே இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம்.

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒருபக்கம் முழுக்க அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் மைதாப் பசையால் ஒட்டுங்கள். பின்னால் இரண்டு மடல், பக்கத்துக்கு ஒன்று, முன்னால் சின்னதாக ஒன்று நிமிர்ந்து நின்று, எல்லா வெளிச்சமும் நடுவே விழுகிற மாதிரி மடியுங்கள். நடுவில் கருப்படித்த சின்ன டப்பா. இதோடு நிறுத்திவிட்டுத்தான் பலரும் வேகவில்லை என்கிறார்கள். டப்பாவைச் சுற்றிக் காற்றுப் புகாமல், வெளிச்சம் மட்டும் புகும்படி ஓர் உறை வேண்டும். டப்பாவைவிடப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை மேலே கவிழ்த்துவிடுங்கள், அல்லது சூடு தாங்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கேரிபேக் உருகி டப்பாவில் ஒட்டிக்கொள்ளும். டப்பாவின் அடியில் மூன்று கூழாங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் கீழேயும் வெளிச்சம் போகும்.

விருதுநகர் வெயிலுக்கு ஒரு டப்பாவில் நூறு கிராம் அரிசி, இல்லையென்றால் இரண்டு முட்டை இரண்டு மணி நேரத்தில் ஆகிவிடும். ஐந்தைந்து பிள்ளைகளாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கருப்பு டப்பாவும் இன்னொரு குழுவுக்கு எவர்சில்வர் டப்பாவும் கொடுங்கள், நீங்கள் பாடம் நடத்தவே வேண்டியிருக்காது. காற்றுக்கு அட்டை பறக்கும், நாலு மூலையிலும் கல் வையுங்கள். பிள்ளைகளை அட்டைக்கு நேர் எதிரே நின்று குனிந்து பார்க்க விடாதீர்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் பழைய தட்டு சோலார் குக்கரைக் கொடுத்தார். மொட்டைமாடியில் கிடக்கிறது. அதனால் ஆபத்து ஏதாவது உண்டா?
— வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. இன்றைக்கே அதன்மேல் தார்ப்பாயோ பழைய போர்வையோ போட்டு மூடிக் கட்டுங்கள். சமைக்காதபோதும் தட்டு வெயிலைக் குவித்துக்கொண்டேதான் இருக்கும். அந்தக் குவியும் புள்ளி சூரியனோடு நகரும். கொடியில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் மூடி, வயர் எதன்மேலாவது நின்றால் கருகிவிடும். உபயோகிப்பதானால் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தட்டின் பின்பக்கமிருந்து திருப்புங்கள். பாத்திரத்தை ஏற்றவும் இறக்கவும் முதலில் தட்டைச் சூரியனிலிருந்து விலக்கிவிட வேண்டும். வெறும் வாணலியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடாதீர்கள். எண்ணெய் வைத்தால் பக்கத்தைவிட்டு நகரவே கூடாது.

கேள்வி: எல்லாம் சைவமாகவே சொல்கிறீர்களே. தோப்பில் தங்கும்போது கோழிக்குழம்பு, மீன்குழம்பு வைக்க முடியாதா?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: மீன் இதற்கென்றே பிறந்தது. கிண்டவேண்டியதில்லை, துண்டு உடையாது. ஆனால் குழம்பை முதலில் கொதிக்கவிட்டு, பிறகு மீனைப் போடுங்கள். முக்கால் மணியில் ஆகிவிடும். கோழி என்றால் பிராய்லராக இருக்கட்டும், சின்னத் துண்டாக வெட்டி, மசாலா தடவி, டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். பெரிய துண்டின் நடுவில் 75 டிகிரி காட்டினால்தான் எடுக்கலாம். தோப்புவரை பச்சைக் கறியையும் மீனையும் ஐஸ் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும், அதையும் பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். நாட்டுக்கோழிக்கு விறகடுப்புத்தான். ஒருமுறை மீன் வைத்தபிறகு பெட்டியைச் சோப்புத்துணியால் துடைத்து, கண்ணாடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் சர்க்கரைப் பொங்கலிலும் வஞ்சிரம் மணக்கும்.